நெற்குப்பையில் நூறு

குப்பை என்ற சொல்லுக்கு இன்று நல்ல பொருள் இல்லை. பழந்தமிழில் அது குவியலைக் குறித்த சொல். உப்பைக் குவித்தாலும் குப்பை, நெல்லைக் குவித்தாலும் குப்பை. அந்த வகையில் நெற்குப்பை என்பது செழிப்பான பெயர்தான். மாவட்டம் மாவட்டமாகச் சுற்றித் தமிழ்நாட்டை எழுதி வைத்த சோமலெ 1921இல் பிறந்த ஊர் இது. அவர் பெயரில் இங்கே ஒரு நூலகமும் உண்டு. வெளியூர் நண்பர்கள் ஊர்ப் பெயரைக் கேட்டுச் சிரிக்கும்போது நான் இந்த இரண்டையும் சொல்லி வைப்பது வழக்கம்.

குவியலைப் பார்த்த மனிதனுக்கு அடுத்ததாக எழும் கேள்வி 'எவ்வளவு?' என்பது. அந்தக் கேள்வி நான்கு வயதில் எப்படி முளைக்கிறது என்பதைச் சென்ற கல்வியாண்டில் அருகிருந்து பார்க்க வாய்த்தது. பணி ஓய்வுக்குப் பிறகு, வாரம் ஒருநாள் ஊரிலுள்ள ஒரு மழலையர் வகுப்புக்குக் கதை சொல்லப் போய்க்கொண்டிருந்தேன். அந்த ஆசிரியை சுவரோரம் மூன்று தகர டப்பாக்களை வைத்திருந்தார். பள்ளி நடக்கும் ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு பிள்ளை எழுந்து வந்து முதல் டப்பாவில் ஓர் ஈர்க்குச்சியைப் போடும். பத்து சேர்ந்ததும் ரப்பர் வளையம் மாட்டிக் கட்டாக்கி இரண்டாவது டப்பாவுக்கு மாற்றுவார்கள். மூன்றாவது டப்பா மாதக்கணக்கில் காலியாகவே இருந்தது. "அதுல எப்ப மிஸ் போடுவோம்?" என்று யாராவது ஒருவர் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நூறாவது பள்ளிநாளைக் கொண்டாடுவது அமெரிக்க மழலையர் வகுப்புகளில் 1980களில் பரவிய பழக்கம். அங்கே பிப்ரவரி மாத வாக்கில் அந்த நாள் வரும். பிள்ளைகள் நூறு பொத்தான், நூறு மணி என்று எதையாவது எண்ணிக் கொண்டுவருவார்கள். நூறு வயதுக் கிழவன் கிழவி போல வேடமிட்டும் வருவதுண்டு. ஜூனில் பள்ளி திறக்கும் நமக்கு அது நவம்பரை ஒட்டி வருகிறது. இறக்குமதிச் சரக்கு என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. நாட்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டி வைப்பது செட்டிநாட்டுக்குப் புதிதன்று. பிள்ளையார் நோன்பில் நகரத்தார் செய்வது என்ன? திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஓர் இழையாகப் புதுவேட்டியிலிருந்து நூலெடுத்து, இருபத்தோர் இழை சேர்ந்ததும் திரியாக்கி, இனிப்பு மாவில் வைத்துச் சுடரோடு உட்கொள்கிறார்கள். காலத்தை எண்ணுவதற்குக் கையில் தொட்டுப் பார்க்க ஏதாவது வேண்டும் என்பதை ஈர்க்குச்சியும் அறிந்திருக்கிறது, இழையும் அறிந்திருக்கிறது.

இதையே கல்விமுறையாக வகுத்தவர் மரியா மாண்டிசோரி. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த அவர் போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கினார். கொடைக்கானலிலும் சில காலம் வாழ்ந்தார். அவருடைய பொன்னிற மணிகளில் ஒன்று என்பது ஒற்றை மணி. பத்து என்பது கம்பியில் கோத்த பத்து மணி. நூறு என்பது அப்படிப் பத்துக் கம்பிகள் சேர்ந்த ஒரு சதுரம். குழந்தை நூறைப் படிப்பதற்கு முன்பே அதன் கனத்தைக் கையில் உணர்ந்துவிடுகிறது.

நம் பழைய எண்குறிகளும் கட்டுகளின் கணக்குதான். பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று கட்டுக்கு ஒரு தனிக்குறி இருந்தது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடம் செய்த பிள்ளைகள் முந்நூற்றிருபதில் ஒரு பங்கான முந்திரி வரைக்கும் கீழ்க்கணக்கு சொல்வார்கள். அந்தப் பயிற்சியோடுதான் மீசை முளைக்காத செட்டிநாட்டுப் பையன்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் பெட்டியடிப் பையன்களாகக் கப்பலேறினார்கள்.

தொண்ணூறாவது நாளன்று வகுப்பில் ஒரு வேடிக்கை நடந்தது. இருபது, முப்பது என்று எண்பது வரை எல்லாம் 'பது' என்றே முடிந்து வந்தன. அடுத்தது தொண்ணூறு என்று ஆசிரியை சொன்னதும் ஒரு சிறுவன், "அப்ப நூறு வந்துடுச்சா மிஸ்?" என்று மூன்றாவது டப்பாவை நோக்கி ஓடினான். அவன் காது சரியாகத்தான் கேட்டது. ஒன்பதும் பத்தும் சேர்ந்து தொண்ணூறாவதற்குத் தொல்காப்பியர் தனியே விதி எழுத வேண்டியிருந்தது. தொண்ணூறிலேயே தமிழ் நூறை உச்சரிக்கத் தொடங்கிவிடுகிறது. மிச்சமிருந்த பத்து நாட்களும் அந்த வகுப்பு ஏறக்குறையத் திருவிழாவுக்குக் கால்நட்ட ஊர்போல இருந்தது.

நூறாவது நாள் வந்தது. பத்துக் கட்டுகளையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டி மூன்றாவது டப்பாவில் வைத்தார்கள். அதற்குப் பிறகு முதலிரண்டு டப்பாக்களும் காலியானதைப் பார்த்து ஒரு குழந்தை விசும்பியது. "எல்லாம் இதுக்குள்ளதான் கண்ணு இருக்கு" என்று அந்தக் கனத்த கட்டை அதன் மடியில் வைத்தார் ஆசிரியை.

அடுத்து, வீட்டிலிருந்து ஆளுக்குப் பத்துப் பொருள் கொண்டுவரச் சொல்லியிருந்தார். நான்கு வயதுக்கு நூறு பெரிய சுமை. பத்து கைக்குள் அடங்கும். புளியங்கொட்டை, சோழி, சட்டைப் பொத்தான், மஞ்சாடி, குன்றிமணி, ஒரு பெண் தன் ஆயா கொடுத்ததாகச் சொன்ன பத்து ஏலக்காய். வகுப்பில் இருபது பேர். இரண்டு அட்டைகளில் பத்துப் பத்துக் கட்டங்கள் வரைந்து, கட்டத்துக்கு ஒருவர் வீதம் ஒட்ட வேண்டும். முதல் அட்டை நிறைந்தது. இரண்டாவதில் எட்டுக் கட்டங்கள் மட்டுமே நிரம்பின. ஒரு பையன் காய்ச்சலில் படுத்திருந்தான். ஒரு சிறுமி, தீபாவளி கழிந்ததும் பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டாள்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த பெற்றோர் ஒருவர், "இந்தாங்க டீச்சர், இருபது புளியங்கொட்டைய ஒட்டி முடிச்சிருங்க, போட்டோ எடுக்கணும்" என்றார். நியாயமான யோசனைதான். ஆசிரியை சிரித்தபடியே மறுத்துவிட்டார். "அது அவங்க பத்துங்க. நாம போட்டா அப்புறம் அவங்க எங்க போடுவாங்க?" என்றார். அந்த இரண்டு கட்டங்களிலும் பிள்ளைகளின் பெயரை மட்டும் எழுதி, அட்டையை அப்படியே சுவரில் மாட்டினார். படத்திலும் அப்படித்தான் பதிவானது.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பதில் என்னை விடவில்லை. பள்ளிகளில் எண்ணிக்கை பெரும்பாலும் பரிசாகவே வருகிறது. ஒருநாள் கூட விடுப்பு எடுக்காத பிள்ளைக்குப் பதக்கம் தருகிறோம். காய்ச்சல் கண்டதும் சூளைக்குப் போனதும் அந்தப் பிள்ளைகளின் குற்றம்போல ஆகிவிடுகிறது. இந்த வகுப்பில் ஈர்க்குச்சிகள் எந்தப் பிள்ளையின் வருகையையும் எண்ணவில்லை. வகுப்பு கூடிய நாட்களை எண்ணின. எவர் வராத நாளிலும் ஒரு குச்சி விழுந்தது, வராதவருக்கும் சேர்த்து.

நகரத்தார் தங்கள் கோயில் கணக்கில் மணமான தம்பதியை ஒரு புள்ளி என்பார்கள். துணையை இழந்தவர் அரைப்புள்ளி. அந்தச் சொல்லில் ஒரு கொடுமை இருப்பதாக இளவயதில் எனக்குத் தோன்றியதுண்டு. இப்போது வேறொன்றும் தெரிகிறது. போனவருக்காகவும் அந்தக் கணக்கில் ஓர் அரை காலியாகக் காத்திருக்கிறது.

குவியலிலிருந்து ஒரு நெல்மணி உருண்டு போனால் குவியலுக்குத் தெரியாது. எண்ணி வைத்த நூறிலிருந்து ஒன்று போனால் தொண்ணூற்றொன்பதும் அதைச் சொல்லும். நான்கு வயதில் ஒரு குழந்தை நூறு வரை எண்ணக் கற்பதன் பயன் பிற்காலத்தில் வட்டிக் கணக்குப் போடுவதோடு முடிந்துவிடுவதில்லை. யார் இன்னும் வரவில்லை என்று கேட்பதற்கும் எண்ணத் தெரிந்திருக்க வேண்டும்.

காய்ச்சலில் கிடந்த பையன் அடுத்த திங்கட்கிழமை பத்துக் கோலிக்குண்டுகளோடு வந்தான். கோலிக்குண்டு அட்டையில் ஒட்டுமா என்ற பிரச்சினையில் அன்றைய முதல் பாடவேளை கழிந்தது. மற்றொரு கட்டம் ஆண்டு முடியும் வரை பெயரோடு காலியாகவே இருந்தது. ஏப்ரலில் எல்லாப் படங்களையும் சுவரிலிருந்து கழற்றியபோது, அந்த அட்டையை மட்டும் சுருட்டாமல் அலமாரிக்குள் நிமிர்த்தி வைத்தார் ஆசிரியை.