செகண்ட் ஹேண்ட் போலோவுக்கு ரீமேப் போடலாமா? - பாளையங்கோட்டை இளைஞர் கண்டுபிடித்த விடை!

ஃபோக்ஸ்வேகன் போலோ இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தியது 2022-ல். ஆனால், செகண்ட் ஹேண்ட் சந்தையில் அந்த காருக்கு மவுசு இன்னும் குறையவில்லை. குறிப்பாக, 2013-ல் அறிமுகமான ஜி.டி டி.எஸ்.ஐ மாடலுக்கு. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 105 பி.எஸ் பவர், 175 நியூட்டன் மீட்டர் டார்க், 7 கியர் டி.எஸ்.ஜி ஆட்டோமேட்டிக் என்று சின்ன உடம்பில் பெரிய துடிப்பு. இதை வாங்கும் இளைஞர்கள் பலருக்கு, ஆர்.சி-யில் பெயர் மாறும் முன்பே அடுத்த ஆசை வந்துவிடுகிறது. அதுதான் ரீமேப்.

பாளையங்கோட்டையைச் சேர்ந்த அந்த இளைஞருக்கும் வந்தது. அவர் வாங்கியது பத்து வயது தாண்டிய போலோ. அப்பா, அம்மாவை அம்பாசமுத்திரம், பாபநாசம் கூட்டிப்போவதும் அதே காரில்தான். "நாப்பதாயிரம் செலவழிச்சா 105 குதிரை 130 ஆயிரும்மா" என்றார். அம்மா திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி. "ஏலே, இப்பம் ஓடுத வேகம் பத்தாதோ?"

சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. விசாரிக்க ஆரம்பித்தார்.

இன்ஜினை ஆட்டிவைப்பது இ.சி.யூ என்கிற குட்டி கம்ப்யூட்டர். எவ்வளவு பெட்ரோலைப் பீய்ச்ச வேண்டும், எந்தக் கணத்தில் ஸ்பார்க் விழ வேண்டும், டர்போ எவ்வளவு அழுத்தத்தில் காற்றைத் தள்ள வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் அட்டவணைகளாக இருக்கின்றன. அவற்றுக்குப் பெயர்தான் 'மேப்'. லேப்டாப் வைத்து அதை மாற்றி எழுதுவது ரீமேப். மென்பொருளை மட்டும் மாற்றினால் 'ஸ்டேஜ் 1'. புகைக்குழாய், ஏர் ஃபில்டர் போன்ற பாகங்களையும் சேர்த்து மாற்றினால் 'ஸ்டேஜ் 2'.

அப்படியென்றால், கம்பெனிக்காரர்களே ஏன் 130 வைத்து விற்கவில்லை?

நெல்லைக்காரர்களுக்கு இதைச் சுலபமாகப் புரியவைக்கலாம். பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு 143 அடி. கார் சாகுபடிக்கே மொத்தத் தண்ணீரையும் திறந்துவிட்டால், பிசானத்துக்கு என்ன செய்வது? கார் இன்ஜினிலும் கம்பெனி அப்படி ஒரு சேமிப்பை விட்டுவைக்கிறது. தரம் குறைந்த பெட்ரோல், சித்திரை வெயில், தள்ளிப்போட்ட சர்வீஸ், ஏ.சி-யோடு ஐந்து பேர் ஏறும் மலைப்பாதை என எல்லாவற்றையும் தாங்குவதற்கான சேமிப்பு அது. ரீமேப் தருகிற கூடுதல் பவர் அதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. எனவே, 'எவ்வளவு எடுக்கலாம்?' என்பதைவிட, 'எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும்?' என்பதே சரியான கேள்வி.

அவருக்கு மூன்று வாய்ப்புகள் வந்தன. விலை குறைந்தது, வெளிநாட்டு காருக்காக எழுதிய ரெடிமேட் ஃபைல். இரண்டாவது, ஆக்ஸிலரேட்டரை விட்டால் பட்டாசு மாதிரி வெடிக்கிற மேப். மூன்றாவது, அவருடைய காரையே ஓட்டிப் பார்த்து, அளவுகளைப் பதிவுசெய்து, அதற்கேற்ப எழுதுவது.

முதலாவது நம் ஊருக்கு ஆபத்து. ஐரோப்பாவில் சாதாரண பெட்ரோலே 95 ஆக்டேன். இங்கே நீண்ட காலம் 91-தான். ஆக்டேன் குறைந்த பெட்ரோலை ஊற்றி, ஸ்பார்க்கை முன்கூட்டியே விழவைத்தால், எரிபொருள் தாறுமாறாகத் தானே வெடிக்கும். 'நாக்கிங்' என்கிற இந்தத் தட்டல் தொடர்ந்தால், பிஸ்டனே சேதமாகும். இப்போது பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் வேறு. எத்தனாலுக்கு எரிசக்தி குறைவு என்பதால், பீய்ச்ச வேண்டிய அளவும் மாறும். பங்க்கில் கிடைக்கிற பெட்ரோலுக்குத்தான் மேப் எழுத வேண்டும். இரண்டாவதில், எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் போய் எரிவதால்தான் அந்தச் சத்தம். அதற்கு விலையாகப் போவது, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்.

மூன்றாவது நியாயமாகத் தெரிந்தது. ஆனால், அதற்கும் ஓர் எல்லை உண்டு. இந்த டி.எஸ்.ஜி கியர்பாக்ஸ் 250 நியூட்டன் மீட்டர் டார்க் வரைக்கும் வடிவமைக்கப்பட்டது. அந்த விளிம்புவரை போகிற மேப், பழைய கிளட்ச்சின் ஆயுளைத் தின்றுவிடும்.

வண்ணார்பேட்டையில் ஒரு மெக்கானிக் அண்ணாச்சியிடம் காரைக் காட்டினார். டர்போ ஹோஸில் காற்றுக் கசிவு. ஸ்பார்க் பிளக்குகள் தேய்ந்திருந்தன. டயருக்கு வயது ஏழு. "தம்பி, 105 குதிரைல பாதி லாயத்துலயே படுத்துக் கெடக்கு. மொதல்ல அதை எழுப்புங்க. புதுக் குதிரையைப் பெறவு பாக்கலாம்" என்றார் அண்ணாச்சி.

'சாஃப்ட்வேர்தானே, யாருக்குத் தெரியப்போகிறது?' என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. அதே ஃபோக்ஸ்வேகன் 2015-ல் மாட்டியது சாஃப்ட்வேரால்தான். புகைப் பரிசோதனையை ஏமாற்றும் மென்பொருள் டீசல் கார்களில் இருந்தது அம்பலமானது. இந்தியாவில் மட்டும் 3,23,700 கார்களைத் திரும்ப அழைப்பதாக அந்த நிறுவனம் அறிவித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டு ஆர்.சி-யில் பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் மறைத்தால், விபத்து நேரத்தில் க்ளெய்மே சிக்கலாகலாம். அந்த நேரத்தில் பின் சீட்டில் இருக்கப்போவது அம்மாவும் அப்பாவும்தான்.

கடைசியில், ரீமேப்புக்குச் சேர்த்த பணம் நான்கு டயர், பிளக், ஹோஸ், பிரேக் பேடு என்று மாறியது. இப்போது சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி வழியாக பாபநாசம் போகும்போது, வைக்கோல் ஏற்றிய டிராக்டரை முந்துவதற்கு கார் திணறுவதில்லை. அறுவடை நேரத்தில் பாதிச் சாலையில் நெல் காயும் அந்தப் பாதையில், இதற்குமேல் வேகத்துக்கு இடமும் இல்லை. நான்குவழிச் சாலைக்கே கார்களுக்கு மத்திய அரசு 2018-ல் அறிவித்த உச்ச வரம்பு 100 கி.மீ-தான். அதற்கு 105 குதிரைகள் தாராளம். சட்டப்படி சரி என்பதும், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சம்மதமும் எழுத்தில் கைக்கு வரும்வரை ரீமேப் இல்லை என்று முடிவுசெய்துவிட்டார்.

உங்களுக்கும் அந்த ஆசை இருந்தால், டியூனரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். மேப் எழுதும் முன் என் காரின் உடல்நிலையைச் சோதிப்பீர்களா? எந்தப் பெட்ரோலுக்கு எழுதுகிறீர்கள்? கியர்பாக்ஸின் எல்லைக்கு எவ்வளவு மிச்சம் வைப்பீர்கள்? கம்பெனியின் ஒரிஜினல் ஃபைலை என்னிடம் தருவீர்களா? ஒன்றுக்கு மழுப்பலான பதில் வந்தாலும், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.