பத்து ரூபாய்ச் சவாரி

காசிக்கு நான் முதன்முதலாக வந்து இறங்கிய அன்று, கன்டோன்மெண்ட் ஸ்டேஷனுக்கு வெளியே ஒருவர் என் காதருகில் நின்றுகொண்டு, "லங்கா! லங்கா! லங்கா!" என்று கூவினார். வீட்டை விட்டுப் புறப்படும்பொழுதே அம்மா, "அவ்வளவு தூரம் போய்த்தான் படிக்கணுமா?" என்று கேட்டிருந்தாள். இப்பொழுது இலங்கைக்கே கொண்டுபோய்விடுவார்கள் போலிருக்கிறதே என்று ஒரு கணம் திகைத்து நின்றேன். லங்கா என்பது நம் பல்கலைக் கழகத் தலைவாயிலுக்கு எதிரே உள்ள கடைவீதி என்பதும், இராமலீலையில் இராவணனுடைய நகரமாக அவ்விடத்தை வைத்துக்கொண்டதால் அப்பெயர் வந்ததென்று ஊரார் சொல்வதும் பிறகுதான் தெரிந்தன. இந்த மலரைப் படிக்கும் நண்பர்களில் பாதிப் பேருக்காவது அதே திகைப்பு நேர்ந்திருக்கும். வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான் வேறுபாடு.

நம் சென்னையில் 'ஷேர் ஆட்டோ' என்றால் அது ஒரு தனி இனம். வெறும் ஆட்டோ என்றால் நமக்கே நமக்கு. இவ்வூர் வழக்கம் நேர்மாறானது. இங்கே வெறும் ஆட்டோ என்றால் எல்லாருக்கும் பொது. தனியாக வேண்டுமென்பவர்தாம் வாய்திறந்து, 'ரிஸர்வ்' என்று சொல்ல வேண்டும். நான்கு பேர் சேர்ந்து நடக்க முடியாத தெருக்கள் நிறைந்த ஊரில், பெரிய பஸ்ஸுக்கு இடமேது? லங்காவிலிருந்து அஸ்ஸி, பதைனி, சிவாலா, சோனார்புரா வழியாகக் கொதௌலியாவுக்கு ஒரு கோடு. பேலுபுரா, ரதயாத்ரா, சிக்ரா வழியாக ஸ்டேஷனுக்கு ஒரு கோடு. பலகையும் இல்லை, கால அட்டவணையும் இல்லை. ஆள் நிறைந்தால் வண்டி புறப்படும். அண்மையில் பாட்டரியில் ஓடும் டோட்டோக்களும் வந்து கூட்டத்தில் சேர்ந்துகொண்டன. 2023 மார்ச்சில் அடிக்கல் நாட்டிய கம்பிவடப் பாதையின் தூண்கள் ரதயாத்ராவில் தலைக்கு மேலே எழும்பிய பிறகும், கீழே ஆட்டோக்காரர்கள் கூவுவது குறைந்தபாடில்லை.

இந்த மூன்று சக்கர வண்டியின் மூதாதை 1948-இல் இத்தாலியில் பிறந்தது. பியாஜியோ கம்பெனியார் அதற்கு 'ஆபே' என்று பெயர் வைத்தார்கள். தேனீ என்று பொருள். அவர்களே செய்த ஸ்கூட்டருக்கு 'வெஸ்பா', அதாவது குளவி. பின்னர் அவர்களிடம் உரிமம் பெற்று நம் நாட்டில் பஜாஜ் கம்பெனியார் செய்யத் தொடங்கினார்கள். தேனீ என்று பெயரிட்டவன் மாலை ஆறு மணிக்கு லங்கா முனையைப் பார்த்ததில்லை; ஆயினும் சரியாகத்தான் பெயரிட்டிருக்கிறான்.

பின்னிருக்கையில் மூவர் என்பது சட்டம். ஓட்டுபவருக்கு இரு பக்கமும் ஒவ்வொருவர் என்பது ஊர் வழக்கம். முன்னால் உட்காருவதை உட்காருவது என்று சொல்வது மரியாதைக்காகத்தான். ஒரு கால் உள்ளே, ஒரு கால் கங்கை மாதாவின் பாதுகாப்பில். இத்தனை நெருக்கத்திலும் எழுதாத முறை ஒன்று உண்டு. வழியில் ஒரு பெண்மணி கை காட்டினால், பின்னால் இருக்கும் வாலிபன் சொல்லாமலே இறங்கி முன்னால் போய்விடுவான். நானும் முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டேன். முன்னே பின்னே தெரியாத கிழவர் என் தோளில் தலை சாய்த்துப் பேலுபுரா வரைக்கும் உறங்கியிருக்கிறார். சில்லறை இல்லாத தோஷத்துக்காக ஐந்து பேர் ஒரு ஐம்பது ரூபாய்த் தாளைச் சுற்றிக் கணக்குப் போட்டதும் உண்டு. இப்பொழுது கட்டம் போட்ட அட்டையைப் போனில் காட்டினால் பணம் போய்விடுகிறது. அந்தக் கணக்குப் பாடம் நின்றுவிட்டது.

சவாரி என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். நமக்குச் சவாரி என்றால் போகிற போக்கு. இங்கே போகிற ஆளே சவாரி. "ஒரு சவாரி, ஒரு சவாரி!" என்று கத்தினால் இன்னும் ஓர் ஆள் வேண்டும் என்று பொருள். எம்.எஸ்ஸி. மாணவன், மணமாகாதவன், விருதுநகர்க்காரன் என்ற என் அடையாளங்களெல்லாம் ஒழிந்து, நாள்தோறும் இருமுறை நான் வெறும் சவாரியாக இருந்தேன். அதில் ஒரு சுகமும் இருந்தது.

அப்படி நான் சவாரியாக இராத ஓர் இரவும் உண்டு. முதல் ஆண்டில் ஹாஸ்டல் இடம் கிடைக்காமல் நகுவாவில் ஓர் அறையில் இருந்தேன். செப்டம்பர் மாதம். டெங்குக் காய்ச்சல். நள்ளிரவில் எழுந்து நிற்க முடியவில்லை. அதே சந்தில் குடியிருந்த ஆட்டோக்காரர் ஒருவர், ஏறக்குறைய என்னைத் தூக்கிக்கொண்டே போய் வண்டியில் போட்டு, நம் வளாகத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பெயர் சொல்வது அவருக்குப் பிடிக்காது. பையா என்றே எழுதுகிறேன். (பையா என்றால் இங்கே அண்ணன். ஊரில் ஓர் ஆட்டோக்காரரைப் 'பையா' என்று கூப்பிட்டுப் பாருங்கள்!) இரவு இரண்டு மணி வரைக்கும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். வண்டி அவருடையதன்று, நாளுக்கு நானூறு ரூபாய் முதலாளிக்கு வாடகை கட்ட வேண்டும். உடல் தேறியபின் பணம் கொடுக்கப் போனேன். "அன்றைக்கு நீ சவாரி இல்லையே" என்று சொல்லி மறுத்துவிட்டார்.

சென்ற ஆண்டு தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. காலை பத்து மணிக்கும் பனி விலகவில்லை. ஞாயிறு தோறும் அனுமான் கட்டத்துப் பக்கம் போய் ஒரு வீட்டு மெஸ்ஸில் இட்டிலி தின்பது என் வழக்கம். அந்தப் பகுதியில் தமிழர் குடியிருப்பு இருப்பதையும், பாரதியார் இளமையில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தது அங்கேதான் என்பதையும் நீங்கள் அறிவீர்கள். நான் போனது இட்டிலிக்காக.

லங்கா முனையில் பையாவின் வண்டி நின்றது. பின்னால் வயதான தம்பதியர் இருவர் மட்டும். மடியில் மஞ்சள் பை. பையா என்னைப் பார்த்ததும் தலையசைத்துத் தம் பக்கத்து இடத்தைக் காட்டினார். தொற்றிக்கொண்டேன். வண்டி புறப்பட்டது.

பின்னாலிருந்து திருநெல்வேலிப் பேச்சு கேட்டது.

"என்னங்க, எரநூறு ரூவாயா? காலையில மடத்து ஆளுகளோட வரும்போது ஆளுக்குப் பத்துத்தானே குடுத்தோம்?"

"அது கூட்டத்தோட வந்தது. இப்ப கோயில்ல அவுகளத் தவறவிட்டுட்டு நிக்கோம். கேட்டதக் குடுத்துட்டு மடத்துக்குப் போய்ச் சேருவோம்."

"கயாவுக்கு வச்சிருக்க ரூவாயில எடுத்திராதிய."

"அதுல கை வைக்கல. ஒனக்குச் சேலைக்கு வச்சிருந்தம்லா, அதுல தாரேன்."

ஆச்சி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சேலை என்ன சேலை, ஊருல இல்லாத சேலையா" என்றாள்.

அந்த இடத்தில் நான் திரும்பிப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. என் வலத் தோள் பையாவின் இடத் தோளை உரசிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்ற தோள். நான் வாய்திறந்தால் அவருடைய அரைநாள் வாடகை போய்விடும். என் முகத்துக்கெதிரே ஒரு பேச்சு வரும். மறுநாள் இந்த இடம் எனக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ. இவ்வளவையும் அப்பொழுது வரிசையாக நினைத்தேன் என்று சொன்னால் பொய். வாய் அடைத்துக்கொண்டது, காரணங்களைப் பிறகு தேடினேன்.

"முன்னால ஒருத்தன் தொத்திக்கிட்டு வாரானே, அவன் யாரு?" என்றாள் ஆச்சி.

"வண்டிக்காரனுக்குக் கூட்டாளியா இருக்கும்."

"சாடையில நம்ம சின்னவன் மாதிரி இருக்கான். இந்தக் குளிருல ஒரு கம்பளி கூட இல்லாம."

பனியின்மேல் பழியைப் போட்டுக்கொண்டு நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். அஸ்ஸியில் இருவர் கை காட்டினார்கள், பையா நிறுத்தவில்லை. பதைனியில் இரண்டு காளைகள் நடுத்தெருவில் தத்துவ விசாரணை செய்துகொண்டிருந்ததால் பத்து நிமிடம் நின்றோம். அங்கும் ஒருவர் ஏற வந்தார். பையா கையை ஆட்டிப் போகச் சொல்லிவிட்டார். அதற்கு அப்பொழுது எனக்குப் பொருள் தெரியவில்லை.

அரிச்சந்திர கட்டத்துத் திருப்பத்தில் எல்லாரும் இறங்கினோம். பெரியவர் வேட்டி மடிப்பிலிருந்து இரண்டு நூறு ரூபாய்த் தாள்களை எடுத்துக் கொடுத்தார். நானும் என் பத்து ரூபாயை நீட்டினேன். "அப்புறம்" என்பதுபோலச் சைகை காட்டிவிட்டுப் பையா வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். முதியவர்கள் இருவரும் எந்தச் சந்து என்று தெரியாமல் நின்றார்கள்.

"மடத்துக்கு இப்படிப் போகணும் ஐயா, வாங்க" என்றேன்.

ஆச்சிக்குக் கண்ணெல்லாம் மலர்ந்தது. "ஏய்யா! நீ நம்ம ஊருப் புள்ளையா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியவர் மட்டும் என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார்.

"மொதல்லயே பேசியிருக்கலாமே, தம்பி?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போலத்தான் கேட்டார். தூக்கக் கலக்கம் என்றேன். ஆச்சி உடனே, "பாவம், பரிச்சைக்குப் படிக்கிற புள்ள" என்று எனக்காக வாதாடினாள். மடத்து வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். ஆச்சி மஞ்சள் பையைத் துழாவி, காகிதத்தில் சுற்றிய கருப்பட்டி மிட்டாயில் ஒரு கைப்பிடி எடுத்து என் சட்டைப் பையிலேயே போட்டுவிட்டாள். அன்றைக்கு நான் இட்டிலி தின்னப் போகவில்லை.

மாலையில் பையாவைத் தேடிப் போனேன். டீக்கடைப் பலகையில் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரிந்த இந்தியில், அவர்கள் என் பக்கத்து ஊர்க்காரர்கள், இருநூறு ரூபாய் வாங்கியது நியாயமன்று என்று ஒருவாறு சொல்லி முடித்தேன்.

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, "இருநூறு அதிகந்தான்" என்று ஒப்புக்கொண்டார். "புதிய ஆளிடம் கேட்போம். நூற்றைம்பது என்பார்கள், நூறு என்பார்கள், இறங்கி வருவேன். இவர்கள் பேரமே பேசவில்லை. வழி தெரியாதவர்கள், கூட்டத்தில் ஏற்றினால் எங்கேயாவது இறங்கிவிடுவார்கள் என்று ரிஸர்வ் போட்டேன். நீ பின்னால் வந்த பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டுதானே வந்தாய்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஆளுக்குப் பத்து வாங்கிக்கொண்டு அஸ்ஸியில் இரண்டு பேரை ஏற்றியிருப்பேனே. ஏன் சொல்லவில்லை?"

காலையில் தமிழில் வந்த கேள்வியே மாலையில் இந்தியில் வந்தது. இந்தியில் தூக்கக் கலக்கத்துக்கு என்ன சொல் என்று எனக்கு அப்பொழுது தெரியாது. பேச்சை மாற்ற எண்ணிப் பத்து ரூபாயை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"ரிஸர்வ் வண்டியில் சவாரிக் காசு வாங்குவதா? வண்டி முழுவதும் அவர்களுடையது. உன்னைச் சும்மாதான் ஏற்றினேன். கொடுப்பதானால் அவர்களிடம் போய்க் கொடு."

அதுவரை அந்த வண்டியில் காசு கொடுத்து வந்த மனிதன் என்றுதான் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு மடத்துக்குப் போனேன். அவர்கள் விடியற்காலையிலேயே கயாவுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். மடத்துக் கணக்கர் நான் ஏதோ உறவு என்று எண்ணிக்கொண்டு, பெரியவருடைய போன் எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. மூன்று முறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு சேலைக்கு ஆகாத பத்து ரூபாயைப் பற்றி என்னவென்று தொடங்குவது?

இந்த ஆண்டுத் தையிலும் அதே பனி. லங்கா முனையில் ஒரு கிழவரும் கிழவியும் பையை அணைத்துக்கொண்டு மிரள மிரள நின்றார்கள். பையாவின் வண்டியில் மூன்று இடம் காலி. அவர் அவர்களிடம் போகவில்லை, என்னைப் பார்த்து, "மத்ராஸி பையா, போய்க் கேள்!" என்று கத்தினார். சாலையைக் கடந்து ஓடினேன். தமிழில் கேட்டேன். தெலுங்கு பதிலாக வந்தது. எனக்குத் தெலுங்கில் ஒரு சொல்லும் தெரியாது. அவர்களுக்குத் தமிழும் தெரியாது, இந்தியும் தெரியாது. வண்டியைக் காட்டினேன். பிறகு அந்தக் கிழவரைக் காட்டிப் பத்து விரலையும் விரித்தேன். அம்மையாரைக் காட்டி மறுபடியும் விரித்தேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டு என் பின்னால் வந்தார்கள்.

அவர்கள் பின்னால் ஏறினார்கள். நான் முன்னால் போய்ப் பத்து ரூபாயை முதலிலேயே கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். பையா வெளியே தலையை நீட்டி, "ஒரு சவாரி! ஒரு சவாரி!" என்று கத்தினார்.