ஒரு படி உயரம்

வீட்டு வாசலுக்குப் படி கட்டும் கொத்தனாரைக் கவனித்திருக்கிறீர்களா? பாட்டி ஏறுவாள், குழந்தை ஏறும் என்று உத்தேசித்து, ஒவ்வொரு படியும் அரை அடிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வார். அதே வீதியில் ஓடுகிற பஸ்ஸின் முதல் படியோ பல ஊர்களில் முழங்காலைத் தொடுகிறது! வீட்டுப் படிக்கு உள்ள நியாயம் வீதிக்கு வந்ததும் எங்கே போயிற்று?

ஒரு கையில் காய்கறிப் பை, இன்னொரு கையில் குழந்தை, உடம்பில் ஆறு கஜம் சேலை. இந்தக் கோலத்தில் நாம் பஸ் ஏறும் அழகைச் சொல்ல வேண்டுமா? கொசுவத்தைப் பிடிப்பதா, கம்பியைப் பிடிப்பதா என்று யோசிப்பதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிடுகிறார்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. லாரிக்குரிய அடிச்சட்டத்தின் மேலேயே பஸ்ஸையும் கட்டுகிற வழக்கம் நம் நாட்டில் வெகு காலம் இருந்து வந்தது. மூட்டைக்கு முழங்கால் வலி கிடையாது. மனிதருக்கு உண்டே!

என் பெரியம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. பிரதோஷம் தவறாமல் கோயிலுக்குப் போய் வந்தவள், திடீரென்று நிறுத்திவிட்டாள். "பிராகாரத்தை மூன்று சுற்று வந்துவிடுவேன். அந்தப் பஸ்ஸில் ஏறத்தான் ஆகவில்லையடி" என்றாள். கோயில், கச்சேரி, சிநேகிதி வீடு எல்லாமே ஒரு படிக்கு அப்பால் போய்விட்டன.

வழி இல்லாமல் இல்லை. 2024 ஆகஸ்டில் சென்னையில் புதிய தாழ்தளப் பஸ்கள் ஓடத் தொடங்கின. அவற்றின் வாசலில் ஏறிக் கடக்கப் படிகளே கிடையாது. நிறுத்தத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சற்றுத் தாழ்ந்து கொடுக்கும். சக்கர நாற்காலிக்குச் சாய்வுப் பலகையும் உண்டு. பெரியம்மா போகும் தடத்துக்குத்தான் அது இன்னும் வரவில்லை.

ரயில் நிலையங்களில் மேடு மேடாக மஞ்சள் ஓடுகள் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஓட்டை 1965-ல் உருவாக்கியவர் ஸெய்இச்சி மியாகே என்ற ஜப்பானியர். 1967-ல் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளி ஒன்றின் அருகே அதை முதன்முதலாகப் பதித்தார்கள். கோடு என்றால் 'நடக்கலாம்', புள்ளி என்றால் 'ஜாக்கிரதை' என்று பாதத்துக்குச் சொல்லும் பாஷை அது. நம் நடைபாதை ஒன்றில் அந்த மஞ்சள் வரிசையைப் பின்பற்றிப் போனேன். நேரே ஒரு மின்சாரப் பெட்டியில் கொண்டுபோய் நிறுத்தியது! ஓடு ஜப்பானிலிருந்து வந்துவிட்டது. ஓட்டுக்குப் பின்னால் இருந்த அக்கறை வழியிலேயே இறங்கிவிட்டது போலும்.

ஆகவே, அடுத்த முறை படி ஏற முடியாமல் திணறினால், "வயதாகிவிட்டது" என்று உங்களை நொந்துகொள்ளாதீர்கள். படியின் உயரத்தைச் சாண் போட்டு அளந்து, உரியவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தினம் புள்ளி வைத்துக் கோலம் போடுகிற நமக்கு, எங்கே கோணல் என்று யாராவது சொல்லித் தர வேண்டுமா, என்ன?