சீனக் கடையில் ஒரு பகல் சாப்பாடு

திருகோணமலை மாவட்டத்தாருக்குச் சீனா என்ற பெயர் புதிதன்று. விமானத் தளமும் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்க் குதங்களும் உள்ள இடத்துக்குச் சீனக்குடா என்று பெயர். தேத்தண்ணீரில் நாம் போடுவது சீனி. பெருநாளைக்குப் பிள்ளைகள் கொளுத்தி, வாப்பாவிடம் ஏச்சு வாங்குவது சீனவெடி. கிழக்கிலங்கை முஸ்லிம்கள் முன்பு பழகிய தற்காப்புக் கலைக்கும் சீனடி என்றே பெயர். ஆனால், "சைனீஸ் கடையில் சாப்பிடுவோமா?" என்று வீட்டில் யாராவது கேட்டுவிட்டால் மட்டும் பெரியவர்களின் முகம் மாறிவிடுகிறது.

எங்கள் இறக்கக்கண்டியில் அப்படியொரு கடை கிடையாது. நிலாவெளியைத் தாண்டிப் புல்மோட்டைக்குப் போகும் வீதியில், கடலுக்கும் களப்புக்கும் இடையில் இருக்கும் கிராமம் இது. மீனுக்கும் இறாலுக்கும் இங்கு குறைவில்லை. அவற்றை அரிந்து, கழுவி, ஆக்கி, பரிமாறி, சட்டி பானை தேய்த்து நிமிரும்போது அஸர் பாங்கு சொல்லிவிடும். நம் பெண்களின் பகல் பெரும்பாலும் இப்படியே கழிகிறது. ஒரு நாளாவது பிறர் ஆக்கியதை உட்கார்ந்து உண்ண வேண்டும் என்று அவர்கள் ஆசைப்படுவதில் என்ன தவறு? பள்ளி விடுமுறையில் பிள்ளைகளும் சேர்ந்து கேட்கவே, மாமியையும் அழைத்துக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறினோம்.

நாங்கள் போன கடை மிகச் சாதாரணமானது. ஐந்தாறு மேசைகள், பிளாஸ்டிக் கதிரைகள், சுவரில் ஒரு கலண்டர். குளிரூட்டி இல்லை, மின்விசிறிதான். கடற்கரை ஹோட்டல்களில் ஒருவருக்கு ஆகும் செலவில் இங்கே ஒரு குடும்பம் சாப்பிட்டு எழும்பலாம். ஒரு தட்டு பிரைட் ரைஸ் இரண்டு பேருக்குப் போதும். சமைப்பவர் சீனரல்லர், நம் நாட்டுக்காரர்தான்.

உட்காருவதற்கு முன் அவரிடம் போய், "தம்பி, நாங்கள் முஸ்லிம்கள். பன்றி இறைச்சி, சாராய வகை ஏதும் இங்கே புழங்குகிறதா?" என்று மெதுவாகக் கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "பன்றி எடுக்கிறதே இல்லை மௌலவி. கோழி உங்கட ஆக்களின் கடையில்தான் வாங்குறோம். ஒரு சூப்புக்கு மட்டும் அரிசி வைன் கொஞ்சம் விடுவோம். அதுக்குச் சட்டி வேறே" என்று சொல்லி, குசினிக்குள் கூட்டிப்போய்ப் போத்தலையும் சட்டியையும் காட்டினார். இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்திருந்தால் நான் நம்பியிருப்பேன். உள்ளதை மறைக்காமல் சொன்ன அந்த மனிதரை அல்லாஹ் நேர்வழியில் ஆக்குவானாக!

சமையலில் விட்ட மது சூட்டில் ஆவியாகிவிடும் என்று சிலர் சமாதானம் சொல்வர். அது ஏற்கத்தக்கதன்று, விடுவதே கூடாது. ஆகவே அந்தச் சூப்பின் பக்கம் நாங்கள் போகவில்லை. மற்றச் சட்டிகளின் நிலை என்ன? வேதக்காரர்களின் ஊரில் வாழ்ந்த அபூ ஸஃலபா (ரலி) அவர்கள், அம்மக்களின் பாத்திரங்களில் உண்ணலாமா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். வேறு பாத்திரம் கிடைத்தால் அவற்றைத் தவிர்க்கும்படியும், கிடைக்காவிட்டால் கழுவிவிட்டு உண்ணும்படியும் நபியவர்கள் விடை சொன்னார்கள். பன்றியும் மதுவும் புழங்கும் பாத்திரங்களைப் பற்றியே அவர் கேட்டதாக அபூதாவூதின் அறிவிப்பில் வருகிறது. எங்களுக்கு ஆக்கிய சட்டியோ அவற்றில் சேராதது.

மகள் ஹொட் பட்டர் கணவாய் கேட்டாள். பெயரைக் கேட்டுச் சீனாவுக்குப் போய்த் தேட வேண்டாம். அது இலங்கைச் சீனக் கடைகளின் பண்டம். ஷாபிஈ மத்ஹபினருக்குக் கணவாயும் இறாலும் ஆகும். ஹனபி மத்ஹபில் கடற்பிராணிகளில் மீன் மட்டுமே ஆகும். இறாலைப் பற்றி அவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆதலால் தமிழகத்திலிருந்து விருந்தாளி வந்தால் கேட்டுவிட்டுப் பரிமாறுங்கள். மொறுமொறுப்பாகப் பொரித்து, காய்ந்த மிளகாயும் வெங்காயத்தாளும் போட்டுப் பிரட்டியிருந்தார்கள். என் மனைவி ஒரு துண்டை வாயில் வைத்ததும், "மாவு கொஞ்சந்தான், நெருப்புத்தான் கூட" என்று பக்குவத்தைக் கண்டுபிடித்துவிட்டார்!

மாமி மட்டும் வெறும் தேத்தண்ணீரோடு இருந்துவிட்டார். "நீங்க சாப்பிடுங்க மகன். எனக்கு மனம் வரல்ல" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் தடுத்தேன். உடும்பு இறைச்சி வைக்கப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் தங்கள் ஊரில் இல்லாத உணவு என்பதால் உண்ணவில்லை. அதே விரிப்பில் காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் உண்டதைத் தடுக்கவுமில்லை. மாமி எங்களைத் தடுக்கவில்லை. நாங்களும் மாமியை வற்புறுத்தவில்லை. திரும்பும் வழியில் அவருக்கு வாழைப்பழமும் பணிஸும் வாங்கிக் கொடுத்தோம்.

இந்த நாட்டில் ஹலால் என்ற சொல்லே சண்டைக்குரியதாக இருந்த காலத்தை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2012, 2013ஆம் ஆண்டுகளில் எழுந்த எதிர்ப்பைத் தொடர்ந்து அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா சான்றிதழ் வழங்குவதைக் கைவிட்டது. 2014இலிருந்து ஹலால் அக்ரெடிடேஷன் கவுன்சில் என்ற தனி நிறுவனம் அப்பணியைச் செய்கிறது. ஆனால் ஐந்து மேசைக் கடையில் சான்றிதழை எங்கே தேடுவது? வாயால் கேட்பதுதான் வழி. நம்மில் சிலர் கேட்கக் கூச்சப்பட்டு அப்படியே உண்டுவிடுகிறார்கள். வேறு சிலர் போலீஸ்காரரைப் போல அதட்டுகிறார்கள். இரண்டாமவரால்தான் நமக்குக் கெட்ட பெயர்.

சீனர் என்றாலே தூய்மையற்ற உணவு என்று பேசுவதும் நியாயமன்று. துணி வியாபாரமும் பல் வைத்தியமும் செய்த சீனக் குடும்பங்கள் திருகோணமலையிலும் வாழ்ந்தன. தலைமுறை கடந்தும் நாடற்றவராக இருந்த சீன வம்சாவளியினருக்கு 2008ஆம் ஆண்டுச் சட்டமே பிரஜாவுரிமை வழங்கியது. அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே சீன முஸ்லிம் ஒருவர் இந்தத் தீவுக்கு வந்திருக்கிறார். கப்பற்படைத் தளபதி செங் ஹ, யுனான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையும் பாட்டனாரும் ஹாஜி என்று அழைக்கப்பட்டவர்கள். 1409ஆம் ஆண்டு தேதியிட்ட அவரது கல்வெட்டு 1911இல் காலியில் கிடைத்தது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டலாம்.

இன்றும் சீனாவில் ஹுய் முஸ்லிம்கள் மட்டும் ஒரு கோடிக்கு மேல் இருக்கிறார்கள். அவர்களுடைய கடை வாசலில் 'சிங்ஜன்' என்று இரண்டு சீன எழுத்துகள் இருக்கும். தூய்மை, உண்மை என்பது பொருள். ஹலால் கடை என்பதற்கு அதுவே அடையாளம். அவற்றில் லான்சோ நகரத்து மாட்டிறைச்சி நூடில்ஸ் பேர்போனது. மாவைக் கையாலேயே இழுத்து இழுத்து நூலாக்குவார்கள். தெளிந்த எலும்புச் சூப்பு, வெள்ளை முள்ளங்கி, சிவந்த மிளகாய் எண்ணெய், பச்சைக் கொத்தமல்லித் தழை, மஞ்சள் நிற நூடில்ஸ் என்று ஐந்து நிறமும் கோப்பையில் தெரிய வேண்டுமாம். எலும்புச் சூப்பு நம் வீட்டிலும் வைப்பதுதான். முள்ளங்கியும் சந்தையில் கிடைக்கும். மாவை இழுக்கும் வித்தைக்கு என் மனைவி இரண்டு முறை முயன்றுவிட்டார். இரண்டு முறையும் அது ரொட்டியாகத்தான் முடிந்தது.