முதலில் சூடு, பிறகு பால்

தாயில்லாக் குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுத்துக் காப்பாற்றும் ஒரு அக்கா பெரம்பூரில் இருக்கிறார் என்று, கால்நடை மருத்துவமனையில் வேலை செய்யும் நண்பர் அழைத்துப்போனார். அக்கா மகப்பேறு வார்டில் ஆயாவாக இருந்து ஓய்வுபெற்றவர். பச்சிளம் உடம்புகளைத் தூக்கிப் பழகிய கை.

நாங்கள் போனபோது, வண்டியில் அடிபட்டுச் செத்த தெருநாயின் குட்டிகள் மூன்று வந்திருந்தன. தொட்டால் சில்லென்றிருந்தன. பசியில் கத்தின. ஆனாலும் அக்கா புட்டியை எடுக்கவில்லை. வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி அணைவாக வைத்தார்.

"மொதல்ல சூடு, அப்புறம்தான் பாலு. குளுந்த வயித்துல பால ஊத்துனா செரிக்காது சார், செத்துப்போயிடும்."

முதல் வாரங்களில் குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. தாயின் மடிதான் அதற்கு அடுப்பு.

பிறகு நிப்பிள். ஊசியைக் காய்ச்சித் துளை போடுவதை அவர் யாரிடமும் விடுவதில்லை. கவிழ்த்தால் பால் சொட்டாக விழ வேண்டும். ஒழுகினால் அந்த நிப்பிள் குப்பைக்கு. வேகமாக வரும் பால் மூச்சுக்குழலுக்குள் போய் நுரையீரலைக் கெடுத்துவிடும். குட்டியை மல்லாத்தவே கூடாது. தாயிடம் குடிப்பதுபோல் வயிறு கீழே இருக்க, தலை லேசாகத் தூக்கியிருக்க வேண்டும்.

"வார்டுல கொழந்தைய ஏந்துன மாதிரி இதுங்கள ஏந்துனா எமன்தான்" என்றார்.

பசும்பால் இவற்றுக்கு ஆகாது. கொழுப்பும் புரதமும் போதாது, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். குட்டிகளுக்கென்றே விற்கும் பால்பவுடர்தான், விலை அதிகம். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும். குடித்து முடித்ததும் ஈரப்பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே தடவுகிறார். தாய் நக்கிவிடுவதற்கு ஈடு அது. இல்லாவிட்டால் சிறுநீர்கூடப் பிரியாது.

பூனைக்குட்டி என்றால் அக்காவுக்குக் கோபம் வருகிறது. தாய்ப்பூனை இரை தேடப் போயிருக்கும், அல்லது ஒவ்வொன்றாக இடம் மாற்றிக்கொண்டிருக்கும். அதற்குள் இரக்கப்பட்டவர்கள் தூக்கிவந்துவிடுகிறார்கள். உடம்பு கதகதப்பாக இருந்தால், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு மறைந்து நின்று பார்க்கச் சொல்லி அனுப்புகிறார்.

அங்கிருந்த பெட்டியின் மூலையில் ஒரு லேப்ரடார் குட்டி. ஒரு மாதம் ஆனது என்று தரகர் விற்றிருக்கிறார். ஒரு மாதம் ஆகியிருந்தால் பல் வந்திருக்கும்; வாயில் ஒரு பல்கூட முளைக்கவில்லை. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. எட்டு வாரம் வைத்திருந்தால் தீவனம், பூச்சி மருந்து, முதல் தடுப்பூசி எல்லாம் விற்பவன் செலவு. பதினெட்டு இருபது நாளில் கைமாற்றிவிட்டால் லாபம் அவனுக்கு, சாவு வாங்கியவர் வீட்டில். கண்முன் நடக்கும் இந்த வியாபாரத்தைப் பொறுத்துக்கொள்ள எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. தப்பிப் பிழைக்கும் குட்டிக்கு விலை கொடுப்பது, சம்பளமில்லாமல் விழித்திருக்கும் இந்த அக்கா.

"வாங்குறவங்க தாய் நாயக் காட்டச் சொல்லணும் சார். காட்டலன்னா பணத்த எடுக்கவே கூடாது."

இந்தக் குட்டியை வாங்கியவர்கள் பார்த்ததெல்லாம் செல்போனில் வந்த ஒரு போட்டோதான்.