நாளுக்கு நான்கு விருத்தம்

ஔவையார் பெயரில் வழங்கிவரும் தனிப்பாடல் ஒன்று, ஓவியம், தமிழ்ப் பேச்சு, கல்வி, ஒழுக்கம் ஆகிய நான்கையும் பழகிப் பெறக்கூடியவை என்கிறது. நட்பு, இரக்கம், ஈகை மூன்றையும் தனியே ஒதுக்கி, அவை பிறக்கும்போதே உடன்வருபவை என்று முடித்துவிடுகிறது. பள்ளி நாளிலிருந்து அறிந்த பாடல்தான். ஆயினும், அந்தக் கோடு சரியான இடத்தில்தான் போடப்பட்டிருக்கிறதா என்ற ஐயம் எனக்குச் சில ஆண்டுகளாக இருந்துவருகிறது.

ஐயத்துக்குக் காரணம் கம்பன். ஆறு காண்டங்களிலும் சேர்த்து 10,000-க்கும் மேற்பட்ட பாடல்கள். முழுவதையும் ஒருமுறை படித்துவிட வேண்டும் என்ற ஆசை வாசகர் பலருக்கும் உண்டு; பெரும்பாலும் அது பால காண்டத்தின் நாட்டுப் படலத்தோடு நின்றுபோகும். நாளுக்கு நான்கு பாடல் என்றால் ஏறத்தாழ 2,500 நாட்கள், ஏழாண்டுக்குச் சற்றுக் குறைவு. கண் அழுத்த நோயால் என் தந்தையின் பார்வை மங்கி, செய்தித்தாள் படிப்பதும் இயலாமற்போன சமயத்தில்தான் இந்தக் கணக்கைப் போட்டேன். இரவு உணவு முடிந்து தட்டுகளைக் கழுவி வைத்ததும், நான்கு விருத்தங்களை அவருக்கு உரக்கப் படிப்பது. உற்சாகம் மிகுந்தாலும் ஐந்தாவதைத் தொடுவதில்லை. இன்று கூடுதலாகப் படித்தது, நாளைய சோர்வில் ஒரு கடன்போல் வந்து நிற்கும்.

வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியான தம் உளவியல் நூலில், புதிய பழக்கம் வேரூன்றும்வரை ஒருநாள்கூட விலக்கு அளிக்கலாகாது என்று கண்டிப்புடன் எழுதினார். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரங்கள் கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வளவு கடுமையானதன்று. காலை உணவுக்குப்பின் என்பதுபோல ஒரு தருணத்தோடு ஒரு செயலை இணைத்துக்கொண்டவர்களுக்கு, அது தானாக நிகழத் தொடங்கச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறியதால் பெரிய பாதகம் ஏதுமில்லை. எங்கள் வீட்டிலும் காய்ச்சலும் பயணமும் திருமணங்களும் குறுக்கிட்டன. மறுநாள் இரவு தட்டு கழுவி முடிந்ததும் கை தானாகவே நூலை எடுத்தது.

பொறுமை எங்கள் குடும்பத்துக்கு வாய்த்த குணமன்று. தந்தைக்கும் இல்லை, எனக்கும் இல்லை. தொடக்கத்தில், சீர் தவறிப் படித்தால் அவர் சினந்துகொள்வார். பதம் பிரித்துப் படிக்கச் சொல்லி மீண்டும் மீண்டும் நிறுத்துவார். அயோத்தியா காண்டம் முடிவதற்குள் நிறுத்துவது குறைந்துவிட்டது. கிட்கிந்தையில், வாலி வீழ்ந்துகிடந்து இராமனைக் கேள்வி கேட்கும் இடத்தை இருவருமாகப் பல இரவுகள் விவாதித்தோம். அவர் வாலியின் பக்கம். அலுவலகக் காலத்தில் தமக்கு நேர்ந்த அநீதி ஒன்றை முதன்முறையாக அப்போதுதான் எனக்குச் சொன்னார்.

சென்ற ஆண்டு முதல் அவருக்கு நினைவும் தளர்ந்துவருகிறது. சற்றுமுன் படித்த பாடலையே இன்னொரு முறை படிக்கச் சொல்கிறார். படிக்கிறேன். மூன்றாம் முறை கேட்டாலும் குரலில் சலிப்பு ஏறுவதில்லை என்பதை என் மனைவிதான் முதலில் கவனித்துச் சொன்னாள்.

இரக்கத்தைப் பழகவேண்டும் என்று தீர்மானித்து உட்கார்ந்திருந்தால் இரண்டாம் நாளே எழுந்துவிட்டிருப்பேன். நான் பழகியது உரக்கப் படிப்பதை மட்டுமே. மற்றது, அந்தப் பதினைந்து நிமிடங்களில் ஒருவர் அருகில் ஒருவர் அமர்ந்திருந்ததன் விளைவு. ஒருவேளை ஔவை சொல்லவந்ததும் இதுவேயாகலாம்: நேராகக் கைநீட்டி அடைய இயலாதவை அந்த மூன்றும். ஆனால் பிறவியோடு அவை முடிந்துவிடுகின்றன என்பதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை.

இப்போது யுத்த காண்டத்தில் இருக்கிறோம். நாளுக்கு நான்கு என்ற கணக்கு தளர்ந்துவிட்டது. சில இரவுகளில் ஒரே விருத்தத்தை நான்கு முறை படிக்கிறோம்.