காக்காவின் முகம்

மலருக்கு ஏதாவது எழுது என்றார்கள், நண்பர்களே. கிராபிக்ஸில் அரியர் வைத்தவன் நான். வரைந்த கதையையே சொல்கிறேன்.

"அண்ணா, அம்மாவுக்குச் சோறு வச்சா வருதே, அந்தக் காக்காவை வரைஞ்சு தா" என்றாள் தங்கச்சி. அம்மா போய் ஒரு வருஷம்.

காம்பஸால் ஒரு வட்டம். நடுவே 2எச் பென்சிலில் மெல்லிய கோடு. அதை ஒட்டி அலகு. ஏறக்குறைய தலை நீளத்துக்கு இழுக்க வேண்டும். குட்டையாக வைத்தேனா, புறா வந்துவிட்டது! தங்கச்சி சிரித்தாள். (அவள் சிரித்துப் பல நாளாச்சு.) மூக்குத்துளையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மறுநாள் மதில்மேல் பார்த்தபோதுதான் புரிந்தது, முடி மாதிரி இறகுகள் அதை மூடியிருக்கின்றன. கண், வாய்ப்பிளவு முடிகிற இடத்துக்குச் சற்று மேலே. முகம் முழுக்கக் கன்னங்கரேலென்று நிரப்பி, கழுத்தை மட்டும் சாம்பலாக விட்டேன். கண்ணில் ஒரு பொட்டு வெள்ளை விட்டதும் எங்களையே பார்த்தது.

"இது இல்லண்ணா. அது தலையைச் சாய்ச்சுல்ல பாக்கும்?"

புதுத்தாள் எடுத்து, நடுக்கோட்டைச் சாய்த்துப் போட்டேன்.

- இரண்டாமாண்டு, இயந்திரவியல்